மீனுக்கு மழைத் தண்ணீர் ஆகுமா?

உங்கள் வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி இருக்கிறதா? இருந்தால், ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக் கொண்டதும், இன்றில்லாவிட்டால் நாளை, உங்களுக்கும் இந்த ஆசை வந்தே தீரும். மாடியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் பளிங்காகக் கொட்டிக் கொண்டிருக்கும். உள்ளே வந்து பார்த்தால், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் தொட்டியின் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டு வைத்திருக்கும். 'ஐயோ பாவம், இந்த வாயில்லா ஜீவன்கள் ஏன் இந்த உப்புத் தண்ணீரில் கிடந்து அவதிப்பட வேண்டும்? வானத்திலிருந்து விழுகிற அமிர்தத்தை எடுத்து ஊற்றினால் என்ன?' என்று மனசு கேட்கும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. தோன்றியதோடு விட்டேனா? செய்தும் பார்த்தேன்.

எங்கள் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 50 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அதில் 6 மோலி மீன்கள் இருந்தன. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பெண்ணுக்கு அவை ஆறும் உயிர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். கறுப்பாக இருந்ததற்கு 'மிளகு'. ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருந்ததற்கு 'ஜாங்கிரி'. தீபாவளி லீவுக்கு அவள் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது தொட்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், குழந்தை பார்த்து அசந்து போக வேண்டும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

முதல் நாள் இரவே மொட்டை மாடிக் குழாயடியில் பாத்திரங்களை வைத்து மழைத் தண்ணீர் பிடித்தாகிவிட்டது. காலையில் மீன்களை ஒரு கிண்ணத்துக்கு மாற்றினேன். பழைய தண்ணீரைச் செடிகளுக்கு ஆகட்டும் என்று வாளிகளில் இறைத்து வைத்தேன். கூழாங்கற்களை அரிசி களைவது போலக் களைந்தேன். வடிகட்டியிலிருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். பிறகு தொட்டி நிறைய மழைத் தண்ணீரை ஊற்றி, மீன்களை விட்டேன். அடடா, என்ன தெளிவு! மாமியார்கூட முக்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்து பார்த்தார்.

சாயங்காலம் மீன்கள் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, இடுப்பை ஒடித்து ஒடித்து நெளித்துக் கொண்டிருந்தன. சொன்னால் வெட்கம், அவை சந்தோஷத்தில் ஆடுகின்றன என்று நான் நினைத்தேன்! மறுநாள் விடிந்தபோது மூன்று, அடியில் கிடந்தன. ஜாங்கிரியும் அவற்றில் ஒன்று. காபி போட்டு முடிப்பதற்குள் நாலாவதும் போயிற்று. கல்லோடு ஒட்டிக் கிடக்கும் நத்தைகள் எல்லாம் ஓட்டுக்குள் சுருண்டு கீழே உருண்டிருந்தன. கை நடுங்க, செடிக்கு என்று வைத்திருந்த பழைய தண்ணீர் வாளியில் மிளகையும் மற்றொன்றையும் தூக்கிப் போட்டேன். அந்த இரண்டுதான் மிச்சம்.

அன்று மாலை பெண் வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மா, அழுக்குத் தண்ணியிலே நல்லாத்தானே இருந்துது? சுத்தமான தண்ணியிலே விட்டா ஏன் செத்துப் போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களைத் தேடிக் கொண்டு கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு கொளத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் புடவைக்குத் தியாகராய நகர் எப்படியோ, மீனுக்கு அந்தப் பேட்டை. அங்கே ஒரு சின்னக் கடையில் ஒரு பெரியவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மழைத் தண்ணியை எதிலேம்மா பிடிச்சு வெச்சீங்க?"

"செப்புத் தவலையிலேதான். மாமியார் சீராகக் கொண்டு வந்தது, பெரிசா இரண்டு இருக்கு."

பெரியவர் நெற்றியில் அடித்துக் கொண்டார். "மழைத் தண்ணி பாதி கொன்னுது. தவலை மீதியைக் கொன்னுதம்மா."

சகோதரிகளே, என்னை அசட்டுப் பெண் என்று நினைக்காதீர்கள். செம்பில் நின்ற தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நமக்கு அது எப்படியோ போகட்டும். மீனுக்கு அது விஷம். மீன் தோலில் புள்ளி வந்தால் போடுகிற மருந்துகள் சிலவற்றில் தாமிரம்தான் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகவும் குறைவு. நத்தைக்கும் இறாலுக்கும் அந்த இடைவெளிகூடக் கிடையாது. அதிலும் மழைத் தண்ணீர் போன்ற மென்மையான, சற்றே புளிப்புள்ள தண்ணீர், செம்பை அதிகமாகக் கரைத்து எடுத்துக் கொள்ளும். அப்படிக் கரைந்த செம்பு, உப்புள்ள தண்ணீரில் இருப்பதைவிட அந்தத் தண்ணீரில்தான் கடுமையாக வேலை செய்யும். பித்தளையிலும் தாமிரம் உண்டாகையால் பித்தளை அண்டாவும் கூடாது. நாகமுலாம் பூசிய தகர வாளியும் கூடாது. துத்தநாகமும் இதே ஜாதிதான். பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடி இவையே போதும். அந்த வாளியில் ஒரு நாளாவது சோப்புத் தூள் கரைத்திருக்கக் கூடாது.

சரி, தவலையின் குற்றம் தெரிந்தது. மழைத் தண்ணீரின் குற்றம் என்ன? பெரியவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அதிலே ஒண்ணுமே இல்லேம்மா. அதுதான் குத்தம்."

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். சமையலறையே போதும். ஆழ்குழாய்த் தண்ணீரில் துவரம் பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். மழைத் தண்ணீரிலோ பருப்பு மலர்ந்து வேகும்; ஒரு தேய்ப்பில் நுரை பொங்கும். காரணம், பூமிக்குள் இறங்கிய தண்ணீர் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டு வருகிறது. கடல் நீர் ஆவியாகி மேகமாகிப் பெய்கிற தண்ணீரில் அவை அனேகமாக இல்லை. பருப்புக்கு எது உபத்திரவமோ அது மீனுக்கு உணவைப் போல.

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது? உப்பிக் கொள்கிறது அல்லவா? வெளியே இருப்பது வெறும் தண்ணீர். உள்ளே இருப்பது கனமான சாறு. ஆகவே தண்ணீர் உள்ளே புகுகிறது. நல்ல தண்ணீர் மீனும் ஒரு விதத்தில் அந்தத் திராட்சைதான். அதன் ரத்தத்தில் உப்பு அதிகம்; சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. செவுள் வழியே ஓயாமல் தண்ணீர் உள்ளே புகுந்து கொண்டிருக்கும். அது ஓயாமல் சிறுநீராக வெளியேற்றிக் கொண்டிருக்கும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் செவுளின் கசிவைக் கட்டுக்குள் வைக்கிறது. அந்தச் சத்து திடீரென்று இல்லாமல் போனால் மீனின் உடம்பிலுள்ள உப்புக்கள் வெளியே கசியத் தொடங்கும். அதிலும் மோலி, மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த மீன். கடலோரத்து உவர் தண்ணீரில்கூட வாழப் பழகிய ஜாதி. சிறுகச் சிறுக மாற்றியிருந்தால் ஓரளவு சமாளித்திருக்கும். ஒரே நாளில் மாற்றினால்? நான் ஆட்டம் என்று நினைத்தேனே, அது அதன் அவஸ்தை.

இன்னொரு கெடுதலும் உண்டு. இது மெதுவாக வருவதால் யாருக்கும் தெரிவதில்லை. தொட்டியில் மீன் போடும் கழிவை, கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீங்கற்றதாக மாற்றுகின்றன. (அந்த ஸ்பாஞ்சைத்தான் நான் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கினேன்! எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசியிருக்க வேண்டும்.) அப்படி மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் உண்டாகிறது. மாவு புளித்துப் போனால் நாம் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுச் சரி செய்வதில்லையா? அந்த சோடாவின் வேலையைத் தொட்டியில் செய்வது, கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிற கார்பனேட் உப்புக்கள். மழைத் தண்ணீரில் அந்தச் சரக்கே இல்லை. போதாதற்கு, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக் கொண்டு வருவதால் அது விழும்போதே சற்றுப் புளிப்பு. பி.எச். கணக்கில், சுத்தமான மழைக்கே 5.6 அளவு என்பார்கள். 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. வெறும் மழைத் தண்ணீர்த் தொட்டி, வெளியே மறந்து வைத்த தோசை மாவு மாதிரி நாளுக்கு நாள் புளித்துக் கொண்டே போகும். ஒரு நாள் நுண்ணுயிர்களும் வேலையை நிறுத்திவிடும்.

அப்படிப் புளித்துவிட்டது என்று தெரிந்ததும் பதறிப் போய் இரண்டு வாளி ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். புளிப்புத் தண்ணீரில் அடங்கிக் கிடக்கும் கழிவு, காரத் தண்ணீர் பட்டதும் அமோனியா விஷமாகத் தலை தூக்கும். ஒரு செம்பு, இரண்டு செம்பாக, நாலைந்து நாளில் சரி செய்வதுதான் முறை.

இதே நியாயம் அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. யந்திரத்தின் தண்ணீருக்கும் பொருந்தும். "குழந்தைக்கே அதைத்தானே கொடுக்கிறோம், மீனுக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். அதுவும் உப்பு நீங்கிய தண்ணீர்தான். மழைத் தண்ணீருக்குச் சகோதரி. யந்திரம் கழித்து வெளியே தள்ளுகிற தண்ணீரோ உப்பெல்லாம் திரண்ட தண்ணீர். அது தொட்டிக்கு ஆகவே ஆகாது.

'அப்படியானால் மழைத் தண்ணீரே வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். இல்லை, இல்லை! அதை எதிர்பார்த்தே பிறந்த மீன்கள் உண்டு. அமேஸான் நதியோடு கலக்கும் ரியோ நீக்ரோ என்ற கறுப்பு நதியில் ஓடுவது, காட்டு இலைச் சாறு இறங்கிய மழைத் தண்ணீர் என்றே சொல்லலாம். அவ்வளவு உப்பற்ற தண்ணீர், நல்ல புளிப்பு. சிவப்பும் நீலமுமாக மின்னும் கார்டினல் டெட்ரா அங்கேதான் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. டெட்ராக்களும், டிஸ்கஸும், ஏஞ்சலும் தென் அமெரிக்க நதிகளின் குழந்தைகள். சென்னையின் ஆழ்குழாய்த் தண்ணீரில் இவை உயிரோடு இருந்தாலும் சோபிப்பதில்லை. பாதிக்குப் பாதி மழைத் தண்ணீர் கலந்து பாருங்கள், நிறமே வேறு! தாய்லாந்து வயல்களிலிருந்து வந்த சண்டை மீனும் மென்மையான தண்ணீரை விரும்பும். தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் இவற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். தண்ணீர் டீ மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம்.

மோலி, கப்பி, பிளாட்டி, தங்க மீன் இவர்கள் வேறு கட்சி. இவர்களுக்குக் கால் பங்குக்கு மேல் மழைத் தண்ணீர் வேண்டாம். அதுவும் உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால்தான்.

எவ்வளவு உப்பு என்று எப்படித் தெரியும்? ஆர்.ஓ. யந்திரத்தைப் பழுது பார்க்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டு எண் சொல்கிறாரே, அதையே கேளுங்கள். கரைந்த உப்புக்கள் மொத்தத்தின் கணக்கு அது. ஆழ்குழாய்த் தண்ணீர் 900 காட்டினால், அதில் ஒரு வாளிக்கு இரண்டு வாளி மழைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 300 ஆகும். பலகாரத்துக்குப் பாகு பதம் பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டா? கடலோரப் பேட்டைகளில் மட்டும் இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அங்கே எண் உயர்வது சுண்ணாம்புச் சத்தால் அல்ல, கடலுப்பால் இருக்கலாம்.

இனி, பிடிக்கிற விதம். சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆக, 100 சதுர அடி மாடியில் 10 மில்லி மீட்டர் பெய்தாலே 90 லிட்டருக்கு மேல். 2003-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழை நீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆனால் பருவத்தின் முதல் மழையை மீனுக்குத் தொடவே கூடாது. ஒரு வருஷத்துப் புழுதியும், புறா எச்சமும், வண்டிப் புகையும் அதோடு வரும். பிறகு வருகிற ஒவ்வொரு மழையிலும் முதல் இரண்டு மில்லி மீட்டரை ஓட விட்டுவிட வேண்டும். 100 சதுர அடிக்குப் பெரிய வாளி ஒன்று. மாடியில் வெயிலுக்காக வெள்ளைப் பூச்சு அடித்திருந்தாலோ, புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தாலோ, தகரக் கூரையாக இருந்தாலோ அந்தத் தண்ணீர் வேண்டாம்.

மாடியே வேண்டாம் என்கிறேன் நான். பழைய வழி ஒன்று இருக்கிறது. கஞ்சி போடாத, நன்றாக அலசிய நாலு முழ வேட்டி ஒன்றின் நான்கு முனைகளையும் கொடிக் கம்பங்களில் கட்டி, நடுவில் ஒரு சுத்தமான கல்லைப் போட்டு, நேர் கீழே வாளியை வையுங்கள். வானத்துத் தண்ணீர் எதையும் தொடாமல், வடிகட்டிக் கொண்டு வாளியில் இறங்கும். பலத்த மழையில் இரண்டு வாளி நிரம்ப அதிக நேரம் ஆகாது. வேட்டி யாருடையது என்று வீட்டில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உத்தமம். நான் கேட்கவில்லை, அது வேறு கதை.

பிடித்த தண்ணீரை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, இருட்டாக உள்ள இடத்தில் வையுங்கள். திறந்து வைத்தால் டெங்கு கொசு வந்து முட்டையிடும்; அதற்கு இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். தப்பித் தவறிப் புழு நெளிந்தால், அதைவிட நல்ல விருந்து மீன்களுக்குக் கிடையாது. வலையால் அரித்துப் போட்டு விடலாம். ஒரு ராத்திரியாவது தண்ணீர் வீட்டுக்குள் இருந்து அறையின் சூட்டுக்கு வரட்டும். சில்லென்ற மழைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் நடுங்கிப் போய், உடம்பில் வெள்ளைப் புள்ளி நோய் காணும். மழைக் காலத்தில் இந்த நோய் அதிகமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரத்துக்கு ஒரு தரம், தொட்டியில் கால் பங்கு எடுத்துவிட்டுக் கால் பங்கு ஊற்றுவது போதும். கலந்த பிறகு ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு கலக்கிறேன் என்பது கூடாது. மழைத் தண்ணீர் அதிகமாகச் சேர்க்கிறவர்கள், கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் ஒரு பிடியை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைத்து, துணியில் முடிந்து வடிகட்டியின் அருகே போட்டு வைக்கலாம். தண்ணீர் புளிக்கப் புளிக்கக் கிளிஞ்சல் தானாகவே மெல்லக் கரைந்து கொடுக்கும். 'கிளிஞ்சலைச் சுட்டதுதானே சுண்ணாம்பு, இருக்கவே இருக்கிறதே!' என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்து விடாதீர்கள். அது மீனைப் பொசுக்கிவிடும்.

எடுத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் வறண்டு, லாரியின் பின்னால் குடத்தோடு ஓடிய நாட்களில், மீனுக்குத் தண்ணீர் செலவழிக்க எனக்கே மனம் கூசிற்று. அப்போது பழகியதுதான், தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. மீனின் கழிவு அதற்கு எரு. இலை கறுகறுவென்று இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி என்ன உரம் என்று கேட்கிறார்.

மிளகு பிழைத்துக் கொண்டது. தை மாதத்தில் ஒரு நாள் காலை, தொட்டியின் பாசிக்கிடையே கடுகு கடுகாக எதுவோ ஓடிற்று. குட்டி போட்டிருந்தது! என் பெண் ஒரு தரம் 17 என்று எண்ணினாள், இன்னொரு தரம் 22 என்றாள். எதற்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

செப்புத் தவலைகள் இரண்டும் பரணுக்குக் கீழே, பழைய இடத்தில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கின்றன. அவற்றின் மேல் என் பெண் நோட்டுப் புத்தகத்துத் தாளைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'இதில் உள்ள தண்ணீர் பாட்டிக்கு மட்டும்.' மூக்குக் கண்ணாடி இல்லாமல் அதைப் பார்த்த என் மாமியார், "என்னடி எழுதியிருக்கே?" என்று இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறார்.